மேலதிக நேரம் கேட்டால் நியமனம் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 29, ஊர் மூதூர். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துப் பட்டம் பெற்றேன். பிறவியிலிருந்தே இரண்டு கண்ணிலும் பார்வை குறைவு. கண்ணாடி போட்டாலும் முழுதாகத் திருந்தாது. பெரிய எழுத்தென்றால் வாசிப்பேன். சிறிய எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துச் சொல் சொல்லாகத்தான் வாசிக்கலாம். சென்ற முறை ஒரு அரச போட்டிப் பரீட்சை எழுதினேன். நுண்ணறிவு வினாத்தாளில் பாதிதான் முடிந்தது. மண்டபத்தில் மேலதிக நேரம் கேட்டதற்கு, "எங்களுக்கு மேலே இருந்து ஒன்றும் வரவில்லை, தர ஏலாது" என்றார்கள். இப்போது மாகாணப் பாடசாலைகளுக்குப் பட்டதாரி ஆசிரியர்களைச் சேர்க்கும் பரீட்சைக்கு ஆயத்தமாகிறேன். நான் பார்த்த அறிவித்தல்களில் என்னைப் போன்றவர்களுக்கு என்று ஒரு வரியும் இல்லை. பெரிய எழுத்து வினாத்தாளும் மேலதிக நேரமும் கேட்கலாமா? யாரிடம் கேட்பது? "கண் தெரியாது என்று நீயே எழுதிக் கொடுத்தால் நியமனம் தரமாட்டார்கள், பேசாமல் போய் எழுது" என்கிறார் மாமா. தமிழ்நாட்டில் இப்படியானவர்களுக்கு மதிப்பெண்ணையே குறைத்திருக்கிறார்களாமே, இங்கே ஏன் இல்லை?

— பெயர் வேண்டாம், மூதூர்

பதில்: கேட்கலாம் மகள். ஆனால் பரீட்சை மண்டபத்தில் கேட்கக் கூடாது. அங்கே கேட்டு இல்லையென்று திரும்பியவர்கள் உங்களைப் போலப் பலர். அந்த மேற்பார்வையாளர் கல்நெஞ்சர் என்று நினைக்க வேண்டாம். எத்தனை மணிக்கு உறை உடைப்பது, எத்தனை மணிக்கு விடைத்தாள் சேகரிப்பது என்று எழுதிக் கொடுக்கப்பட்டதைத் தாண்டி ஒரு நிமிடம்கூடக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. கொடுத்தால் அடுத்த மேசைக்காரர் முறைப்பாடு எழுதுவார். பெரிய எழுத்து வினாத்தாள் என்றால் மற்ற வினாத்தாள்களோடு சேர்த்து அச்சிட்டு முத்திரையிட வேண்டும். மேலதிக நேரம் என்றால் தனி அறையும் தனி நோக்குநரும் வேண்டும். இதெல்லாம் பரீட்சைக்குப் பல வாரங்களுக்கு முன்னரே முடிவாகிவிடும் காரியங்கள். ஆகவே உங்கள் கோரிக்கை விண்ணப்பப் படிவத்தோடு ஒரே உறையில் போக வேண்டும். பின்னால் அனுப்புகிறேன், அனுமதி அட்டை வந்ததும் கேட்கிறேன் என்று இருந்துவிடாதீர்கள்.

அறிவித்தலில் ஒரு வரியும் இல்லை என்கிறீர்கள். வரி இல்லை என்பதற்காக வழி இல்லை என்று ஆகாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 23ஆம் பிரிவில், வேலைக்கு ஆட்சேர்க்கும்போது அங்கவீனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. போட்டிப் பரீட்சையும் ஆட்சேர்ப்பின் ஒரு படிதான். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பைத் தருகிறது. அதே உறுப்புரையின் நான்காம் பந்தி, பெண்கள், சிறுவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்வதைத் தடுக்க முடியாது என்கிறது. "ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு அநியாயம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பந்தியைக் காட்டலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2007இல் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்றுறுதி செய்தது. நியாயமான வசதி செய்து கொடுக்க மறுப்பதும் பாகுபாடே என்று அந்தச் சமவாயம் வரையறுக்கிறது. மாற்றுத்திறனாளிகளான ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பதைப் பற்றி அதன் 24ஆம் உறுப்புரையில் தனியாகவே பேச்சு இருக்கிறது.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நமது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் பரீட்சைக்கு இத்தனை நிமிடம் மேலதிகம் என்ற கணக்கு இல்லை. இந்தியாவில் 2018 ஓகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டல்களில், தமக்காக விடை எழுத உதவி எழுத்தாளர் பெறத் தகுதியுள்ளவருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடு நேரம் தர வேண்டும் என்று கணக்கோடு எழுதியிருக்கிறது. அப்படி ஓர் எண் நம்மிடம் இருந்தால் பாதி வழக்குகள் பிறக்கவே மாட்டா. எண் இல்லாதபடியால், உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

காட்டுவதற்கு உங்களிடம் ஏற்கனவே ஒரு சான்று இருக்கக்கூடும். சாதாரண தரமும் உயர்தரமும் எழுதியபோது பரீட்சைகள் திணைக்களம் உங்களுக்கு மேலதிக நேரமோ பெரிய எழுத்தோ தந்ததா? விசேட தேவையுள்ள பாடசாலைப் பரீட்சார்த்திகளுக்கு அந்தத் திணைக்களம் இவற்றைக் கொடுத்து வருகிறது. தந்திருந்தால் அந்தக் கடிதத்தை வீட்டில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பாடசாலை அதிபரிடம் கேளுங்கள், கோப்பில் இருக்கலாம். பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஏற்பாடு செய்து தந்திருந்தால் அதற்கும் ஒரு கடிதம் வாங்குங்கள். இதே நாட்டின் ஓர் அரச நிறுவனம் உங்கள் தேவையை முன்னரே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்ற ஒரு தாள், நான் மேலே சொன்ன சட்டப் பிரிவுகள் அத்தனையையும்விட அலுவலக மேசையில் வேகமாக வேலை செய்யும்.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இலங்கையில் ஆசிரியர் உரிமம் என்று தனியாக ஒன்று கிடையாது. இலங்கை ஆசிரியர் சேவைக்குள் கிடைக்கும் நியமனந்தான் உரிமம். மாகாணப் பாடசாலைகளுக்கான அந்த நியமன அதிகாரத்தை 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் ஆளுநரிடம் கொடுத்திருக்கிறது. ஆளுநர் அதை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கலாம். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரோடு முடிந்து, தேர்தல் ஆண்டுக்கணக்கில் நடக்காமல் கிடந்தாலும், ஆணைக்குழுவின் வேலை நிற்கவில்லை. ஆகவே கடிதம் ஆணைக்குழுவின் செயலாளருக்கு. பரீட்சையை நடத்துவது பரீட்சைகள் திணைக்களம் என்று அறிவித்தலில் இருந்தால் ஆணையாளர் நாயகத்துக்கும் ஒரு பிரதி, மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளருக்கு ஒரு பிரதி. தேசியப் பாடசாலைகள் கொழும்பின் பொறுப்பு, அதை இதோடு குழப்ப வேண்டாம். வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுவிட்டேன், அவர்கள் தலையாட்டினார்கள் என்று இருந்துவிடாதீர்கள். வலயத்துக்கு இதில் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை.

மூதூரிலிருந்து கிண்ணியாவைச் சுற்றித் திருகோணமலைக்கு பஸ்ஸில் வந்து, உவர்மலை ஏறி இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டுவதைவிடப் பதிவுத் தபால் நல்லது. பற்றுச்சீட்டில் திகதி இருக்கும். நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது கடைசியில் விளங்கும்.

இப்போது மருத்துவக் கடிதம். பெரும்பாலான கடிதங்களில் நோயின் பெயரும் "இவருக்கு உதவி தேவை" என்ற ஒரு வரியும் இருக்கும். அதைப் படிக்கும் நிருவாக உத்தியோகத்தர் வைத்தியர் அல்லர். நோயின் பெயரை வைத்து அவரால் ஒன்றும் தீர்மானிக்க முடியாது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் வைத்திய நிபுணரிடம் போகும்போது ஒரு பழைய வினாத்தாளைக் கொண்டு போங்கள். கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணின் பார்வைக் கூர்மை எவ்வளவு, இந்த அளவு எழுத்தை இவரால் வாசிக்க முடியுமா, எந்த அளவிலிருந்து முடியும், தொடர்ந்து வாசித்தால் கண் களைப்படையுமா என்று அவரை எழுதச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் கூர்மை 6/18க்குக் கீழே இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது குறைபார்வை. 3/60க்குக் கீழே போனால் பார்வையின்மை. இந்த எண் கடிதத்தில் இருக்கட்டும். அதோடு, உங்களுக்குப் படிப்பித்த ஓர் ஆசிரியரின் முன்னிலையில் அந்தப் பழைய வினாத்தாளை நேரம் குறித்துச் செய்து பாருங்கள். சாதாரண அச்சில் எவ்வளவு நேரம், பெரிதாக்கிய அச்சில் எவ்வளவு என்று அவர் எழுதிக் கையொப்பமிடட்டும். "தயவுசெய்து கொஞ்சம் நேரம் தாருங்கள்" என்று கேட்டால் இரக்கப்பட்டு அரை மணி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். "மணித்தியாலத்துக்கு இத்தனை நிமிடம்" என்று கணக்கோடு கேட்டால் மறுப்பவர் காரணம் எழுத வேண்டி வரும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் ஏற்கனவே பதிந்திருந்தால் அந்தக் கடிதத்தையும் சேருங்கள். அது மட்டும் போதாது.

பெரிய எழுத்து என்று மட்டும் எழுதினால் என்ன நடக்கும் தெரியுமா? ஒரு A4 தாளை A3ஆகப் போட்டோப் பிரதி எடுத்து நீட்டுவார்கள். எழுத்துப் பெரிதாகும், கூடவே மங்கலாகும், சாம்பல் நிறப் படங்கள் கரும்புள்ளியாகிவிடும், தாள் மேசையை விட்டு வெளியே தொங்கும். மூல ஆவணத்திலிருந்தே 18 புள்ளி அளவில், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக அச்சிட்டுத் தரும்படி எழுதுங்கள். நுண்ணறிவுத் தாளில் உருவப்படக் கேள்விகள் உண்டு. அவற்றைத் தனித்தனிப் பக்கத்தில் பெரிதாக்கித் தரும்படி கேளுங்கள்.

அதைவிட முக்கியம் விடைத்தாள். பல்தேர்வு வினாவுக்குப் புள்ளடி போடும் அந்தக் கட்டங்களில் ஒரு வரி தவறினால் அதற்குப் பிறகு எல்லாமே பிழை. குறைபார்வையுள்ளவர்கள் அறிவால் தோற்பதைவிட இந்தக் கட்டத்தால் தோற்பது அதிகம் என்பது பரீட்சை மண்டபங்களில் நின்று நான் கண்டது. விடையை வினாத்தாளிலேயே வட்டமிட அனுமதித்து, பின்னர் ஓர் உத்தியோகத்தர் இன்னொருவர் முன்னிலையில் அதை விடைத்தாளுக்கு மாற்றலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. யன்னலோரம் அல்லது மேசை விளக்கு, உங்கள் உருப்பெருக்கியை உள்ளே கொண்டு போக எழுத்துமூல அனுமதி, இவற்றையும் சேருங்கள். அனுமதி இல்லாத கருவி என்று வாசலில் பறித்து வைத்தால் அன்றைய நாள் முடிந்தது.

சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வரும் வாசகர்களுக்கும் ஒரு சொல். கீழ்மாடி அறை வேண்டும் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். பொதுக் கட்டடங்களுக்கு எல்லோரும் அணுகக்கூடிய வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இலேயே வர்த்தமானியில் வந்துவிட்டன. தானே சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2011இல் அவற்றைப் பின்பற்றும்படி கட்டளையும் இட்டது. ஆனாலும் பழைய பாடசாலைக் கட்டடங்களின் மாடிப்படிகள் அப்படியேதான் இருக்கின்றன. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தவர்கள், வைகறையில் புறப்பட்டு நகருக்கு வருவதைவிட மூதூரில் ஒரு நிலையம் தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

உதவி எழுத்தாளர் ஒருவரைக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, சிலர் உங்களுக்கு ஆலோசனை சொல்வார்கள். உங்கள் நிலைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். முழுதாகப் பார்வை இல்லாதவருக்கு அது தவிர்க்க முடியாதது. உங்களால் வாசிக்க முடியும். நுண்ணறிவுப் படத்தை இன்னொருவர் வாயால் விவரித்து நீங்கள் விளங்கிக்கொள்வதற்குள் நேரம் போய்விடும். எழுதுபவர் தமிழில் எழுத்துப்பிழை விட்டால் தமிழ்ப் பட்டதாரியான உங்கள் தலையில்தான் விழும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். அங்கே ஆசிரியர் தகுதித் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு. தேர்ச்சிக்கு 60 சதவீதம், அதாவது 90. 2014இல் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதை 55 சதவீதமாகக் குறைத்தார்கள், 82 எடுத்தால் போதும் என்றானது. அதே ஆண்டு மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு சிறப்புத் தகுதித் தேர்வையும் நடத்தினார்கள். ஆனால் அது தகுதித் தேர்வு: ஒரு கோட்டைத் தாண்டினால் சரி. இங்கே இருப்பது போட்டிப் பரீட்சை: வெற்றிடம் எத்தனையோ அத்தனை பேர், புள்ளி வரிசைப்படி. வரிசையில் கோடு எங்கே விழும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாதபோது எதைக் குறைப்பது? அதோடு, உங்களுக்குப் புள்ளிச் சலுகை தேவை என்று உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. பாதித் தாள் முடித்தீர்கள், மீதியைக் காணவே நேரமில்லை. மீதியைக் காண நேரம் கொடுப்பதும் காணாததற்குப் புள்ளி கொடுப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால், இரண்டாவதை மறுப்பதற்கான காரணத்தைக் கொண்டே முதலாவதையும் மறுத்துவிடுவார்கள்.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. 2021 பெப்ரவரியில் விகாஷ் குமார் என்பவரின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ளவர் அவர். குடிமைப் பணித் தேர்வுக்கு உதவி எழுத்தாளர் கேட்டார். சட்டம் குறித்த 40 சதவீத அங்கவீன அளவை அவர் எட்டவில்லை என்று மறுக்கப்பட்டது. அந்த அளவு இட ஒதுக்கீட்டுக்கு உரியது, பரீட்சை வசதிக்கு அதை நிபந்தனையாக்க முடியாது என்றது நீதிமன்றம். சிலர் துஷ்பிரயோகம் செய்வார்கள் என்ற பயத்தால் தேவையுள்ளவருக்கு மறுக்க முடியாது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாதத்துக்கு உதவும்.

இனி மாமாவின் பயம். அது வெறும் பயமல்ல, அவர் எங்கேயோ கண்டுதான் பேசுகிறார். 1988இன் பொது நிருவாகச் சுற்றறிக்கை 27/88, அரச சேவை வெற்றிடங்களில் 3 சதவீதத்தைத் தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் அங்கவீனம் கடமைக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைச் சிலர் கதவாகவும் சிலர் பூட்டாகவும் பாவிக்கிறார்கள். நேர்முகப் பரீட்சைக் குழுவில் ஒருவர் "கண் தெரியாமல் முப்பது பிள்ளைகளை எப்படிக் கட்டுப்படுத்துவாய்?" என்று கேட்கக்கூடும்.

ஆனால் மறைப்பது எப்படி உதவும் என்று மாமாவிடம் கேளுங்கள். நியமனத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. பார்வைப் பலகையின் முன் நிற்கத்தான் வேண்டும். படிவத்தில் பொய்யான தகவல் கொடுத்திருந்தால் கிடைத்த நியமனத்தையும் பின்னர் இரத்துச் செய்யலாம். ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்து, அவர்கள் தந்த வசதியோடு பரீட்சையில் சித்தியடைந்தவரை மருத்துவப் படியில் நிராகரிப்பது அவர்களுக்குக் கடினம். தெரிந்துகொண்டே அல்லவா அனுமதித்தார்கள்?

நேர்முகக் குழுவின் அந்தக் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் வேர்ஜினியாவில் கற்றல் குறைபாடுள்ள ஓர் ஆசிரியை, ஆசிரியர் உரிமப் பரீட்சையின் ஒரு பகுதியில் பலமுறை தவறியதால் வழக்காடினார். பரீட்சையில் தவறினாரா என்பதோடு நின்றுவிடக் கூடாது, ஆசிரியர் வேலைக்கு உண்மையில் எது தேவை, வசதி செய்து கொடுத்தால் அவரால் அதைச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. உங்கள் நேர்முகப் பரீட்சைக்கும் அதுவே தயாரிப்பு. தமிழ்ப் பாடத்தை எப்படி நடத்துவீர்கள், கரும்பலகையில் எந்த அளவில் எழுதுவீர்கள், கொப்பிகளை எப்படித் திருத்துவீர்கள், வகுப்பில் பெயர் சொல்லி அழைக்கக் குரலை எப்படிப் பழகியிருக்கிறீர்கள் என்பதை அவர்கள் கேட்க முன்னரே செயன்முறைப் பரீட்சையில் செய்து காட்டுங்கள். பார்வையற்றோருக்கான சுன்னாகம் வாழ்வகத்தில் வளர்ந்து, பட்டம் பெற்று, ஆசிரியர்களானவர்கள் இருக்கிறார்கள். முழுதாகப் பார்வை இல்லாத அவர்கள் வகுப்பை நடத்தும்போது குறைபார்வையுள்ள உங்களால் முடியாது என்று யாரும் சும்மா சொல்லிவிட முடியாது.

மறுத்தால் என்ன செய்வது? மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் கோரிக்கை பற்றி என்ன தீர்மானம் எடுக்கப்பட்டது, முந்தைய பரீட்சைகளில் எத்தகைய வசதிகள் கொடுக்கப்பட்டன என்று தகவல் அதிகாரியிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றம், ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். இந்த ஒரு மாதத்தில்தான் நல்ல வழக்குகள் பல செத்துப் போகின்றன. பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் முத்திரைத் திகதியையும் நான் வற்புறுத்தியது இதற்காகத்தான். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் அதே மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்கிறது அந்த ஆணைக்குழுவின் சட்டம். முறைப்பாடு போட்டேன் என்ற பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே அதை நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

சென்ற பரீட்சையை விட்டுவிடுங்கள். அதற்கான மாதம் போய்விட்டது, எழுத்தில் நீங்கள் கேட்டதற்குச் சான்றும் இல்லை. கண் கிளினிக்கில் நிபுணரைக் காண நாள் எடுத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். விண்ணப்ப முடிவுத் திகதியோ அறிவித்தல் வந்து சில வாரங்களில் வந்துவிடும். அறிவித்தலுக்குக் காத்திராமல் இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுங்கள். வைத்தியரின் கடிதம் கையில் இருந்தால் மற்றதெல்லாம் ஒரு நாள் வேலை.